நோய்க்கு முந்திய தளர்ச்சி

நோய் இல்லாத ஒருவரின் சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பது மருத்துவமனைகளில் வழக்கமில்லை. டெல்லி எய்ம்ஸில் கோவிந்த் மகாரியாவின் குழு அதைத்தான் செய்தது. சீலியாக் நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் நோயின் அறிகுறி எதுவும் இல்லாத, ரத்தத்தில் அந்த நோய்க்கான எதிர்ப்பொருளும் காணப்படாதவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய சிறுகுடல் உட்சுவரின் துணுக்குகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். குடல் செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் விளிம்பு, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றவர்களிடம் இருந்ததுபோல் இவர்களிடம் இல்லை என்பது 2016இல் வெளியான முடிவு. நோய் இன்னும் வரவில்லை, இனி வருமா என்றும் சொல்ல முடியாது, ஆனாலும் செல்களுக்கு நடுவிலான பிடி ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சீலியாக் நோய் உண்டாகும் விதத்தை நாம் சொல்லிவரும் வரிசையையே இது மாற்றச் சொல்கிறது என்று நான் கருதுகிறேன். அந்தக் கருத்து எந்த அளவுக்கு நிற்கும் என்பதை எதிர்வாதங்களையும் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முதலில் வழக்கமான வரிசை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதத் தொகுதி இருக்கிறது. கோதுமையை நிறுத்தினால் இந்த நோய் கண்ட குழந்தைகள் தேறிவிடுகிறார்கள் என்று நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்க 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார். குளூட்டனின் ஒரு பகுதியான கிளியாடினை நம் செரிமான நொதிகளால் முழுமையாக வெட்ட முடிவதில்லை. அதில் 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு வெட்டுப்படாமல் எஞ்சிவிடுகிறது என்பதை ஸ்டான்ஃபோர்டில் சைத்தன் கோஸ்லாவின் குழு 2002இல் காட்டியது. அந்தத் துண்டு குடல் சுவருக்கு அடியில் போய்ச் சேர்ந்ததும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அதைச் சற்றே மாற்றிவிடுகிறது. எச்எல்ஏ-டிக்யூ2 அல்லது டிக்யூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருடைய நோய் எதிர்ப்பு மண்டலம் இந்த மாறிய துண்டைப் பகையாகக் கொள்கிறது. அழற்சி மூள்கிறது, குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன, சாப்பிட்டது உடலில் ஒட்டாமல் போகிறது. ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு எல்லாம் இதன் பின்விளைவுகள். இந்த விவரிப்பில் தவறு என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் ‘குடல் சுவருக்கு அடியில் போய்ச் சேர்ந்ததும்’ என்று அரை வரியில் ஒரு பெரிய கேள்வியைத் தாண்டிவிடுகிறோம். உணவை உள்ளே விடாமல் நிறுத்திவைப்பதற்கென்றே அமைந்த சுவரை அது எப்படிக் கடந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்க டெல்லியைவிடப் பொருத்தமான இடம் குறைவு. 2011இல் மகாரியா குழு வெளியிட்ட சமூகக் கணக்கெடுப்பின்படி டெல்லியை ஒட்டிய வட இந்தியப் பகுதியில் சீலியாக் நோய் ஏறத்தாழ 1.04 சதவீதம், அதாவது நூறு பேரில் ஒருவருக்கு. 2016இல் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் மகாரியாவும் மற்றவர்களும் சேர்ந்து நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து ஒரு பெரிய ஒப்பீட்டை வெளியிட்டார்கள். வட இந்தியாவில் ஆயிரத்துக்கு 8.53 பேருக்கு நோய் இருந்தது. தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு 0.11. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வகை வடக்கில் 38.1 சதவீதம் பேரிடமும் தெற்கில் 36.4 சதவீதம் பேரிடமும் இருந்தது. மரபணுவில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். தட்டில்தான் வேறுபாடு. வடக்கில் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். அரிசிச் சோறும் இட்லியும் நம்மை இவ்வளவு காலம் காத்துவந்திருக்கின்றன என்று இதைப் படிக்கலாம், அது சரியும்கூட. ஆனால் இதே கணக்கை மறுபுறமிருந்து பாருங்கள். வடக்கில் பெரும்பாலோர் கோதுமை தின்கிறார்கள், மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த மரபணுவும் இருக்கிறது, ஆனால் நூறில் ஒருவருக்குத்தான் நோய் வருகிறது. கோதுமையும் மரபணுவும் மட்டும் போதும் என்றால் டெல்லி மருத்துவமனைகள் தாங்காது. மூன்றாவதாக ஏதோ ஒன்று வேண்டும். அதைச் செல்களின் விளிம்பில் தேடலாம் என்பதே என் வாதம்.

அந்த விளிம்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சிறுகுடலின் உட்பரப்பைப் போர்த்தியிருப்பது ஒற்றை வரிசைச் செல்கள்தாம். ஒரு செல்லின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. உணவுக் குழம்பு ஒரு பக்கம், ரத்தமும் எதிர்ப்பு செல்களும் மறுபக்கம், நடுவில் இவ்வளவுதான். அடுத்தடுத்த இரண்டு செல்களுக்கு இடையே ஒரு சந்து இருந்தாக வேண்டும். அந்தச் சந்தின் வாயை அடைப்பது எது என்பதை 1963இல் மர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் தெளிவாகக் காட்டினார்கள். உணவுப் பக்கத்திலிருந்து கீழே இறங்கினால் முதலில் இறுக்க இணைப்பு, அதற்கடுத்து ஒட்டும் இணைப்பு, அதற்கும் கீழே பொட்டுப் பொட்டாக டெஸ்மோசோம்கள். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு செல் சவ்வு கருமை, வெளுப்பு, கருமை என்று மூன்று கோடுகளாகத் தெரியும். இரண்டு சவ்வுகள் அருகருகே வந்தால் ஆறு கோடுகளும் நடுவில் ஓர் இடைவெளியும் தெரிய வேண்டும். இறுக்க இணைப்பில் இடைவெளி மறைகிறது. எதிரெதிர் சவ்வுகளின் வெளிக்கோடுகள் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் ஐந்து கோடுகள் மட்டுமே எஞ்சுகின்றன. இந்த ஐந்து கோட்டு அமைப்புதான் சந்து மூடியிருக்கிறது என்பதற்கு அடையாளம். டெல்லியின் ஆய்வில், நோயில்லாத உறவினர்களிடம் குலைந்து காணப்பட்டது இதே ஐந்து கோட்டு அமைப்புதான். கூடவே ஆக்லூடின், இசட்ஓ-1 என்ற இரண்டு இணைப்புப் புரதங்களும் குறைந்திருந்தன.

இணைப்புப் புரதங்களில் ஆக்லூடினை 1993இலும் கிளாடின்களை 1998இலும் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஷோய்ச்சிரோ ட்சுகிட்டா. கிளாடின்கள் ஒரு பெரிய குடும்பம், இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். இவை சவ்வுக்குள் தையல்போல ஓடி, எதிர்ச் செல்லின் கிளாடின்களோடு கைகோத்துச் சந்தை மூடுகின்றன. சில கிளாடின்கள் முழுவதும் அடைக்கின்றன, கிளாடின்-2 போன்ற சில, சோடியம் அயனியும் நீரும் நுழையும் அளவுக்கு நுண்துளை விடுகின்றன. இதை மட்டும் படித்தால், ஒருமுறை அடைத்தால் அடைத்ததுதான் என்று தோன்றும். உண்மை நிலை வேறு. இசட்ஓ-1இன் முக்கியத்துவம் அங்குதான். அதன் ஒரு முனை கிளாடினையும் ஆக்லூடினையும் பிடித்திருக்கிறது, மறுமுனை செல்லுக்குள்ளே இருக்கும் ஆக்டின் இழைகளைப் பிடித்திருக்கிறது. இணைப்பு வெளியே பக்கத்துச் செல்லோடு கட்டியிருப்பது பாதிதான், மீதிப் பாதி செல்லின் உள்சட்டகத்தோடு கட்டப்பட்டது.

செல் சட்டகம் என்ற பெயரைக் கேட்டால் அசையாத எலும்புக்கூடு நினைவுக்கு வரும். ஆனால் ஆக்டின் இழை ஏழு நானோமீட்டர் தடிமன்தான், ஒரு முனையில் வளர்ந்துகொண்டும் மறுமுனையில் கரைந்துகொண்டும் இருக்கிறது. தசையை இழுக்கிற அதே மயோசின் இங்கும் அதைப் பற்றி இழுக்கிறது. குடல் செல் ஒவ்வொன்றின் மேல் விளிம்பிலும், இறுக்க இணைப்புக்கும் ஒட்டும் இணைப்புக்கும் உட்புறமாக, ஆக்டினும் மயோசினும் சேர்ந்த ஒரு வளையம் ஓடுகிறது. பாட்டிமார் இடுப்பில் செருகிவைக்கும் சுருக்குப் பையின் கயிறு போன்றது அது. ஆனால் பையில் கயிற்றை இழுத்தால் வாய் மூடும். இங்கே ஒவ்வொரு செல்லும் தன் கயிற்றைத் தன் பக்கமாக இழுக்கும்போது, பக்கத்துச் செல்லும் அதையே செய்யும்போது, இரண்டுக்கும் பொதுவான விளிம்பு இருபுறமும் இழுபட்டு நெகிழ்கிறது. 1980களில் ஜேம்ஸ் மடாரா இதைக் குடல் திசுவில் காட்டினார். ஆக்டினைக் குலைக்கும் சைட்டோகலாசின் என்ற பொருளை இட்டதும் வளையம் சுருங்கியது, இறுக்க இணைப்பின் அமைப்பு மாறியது, கசிவு கூடியது. இணைப்பை நேரடியாகத் தொடாமலே, உள்ளே இருக்கும் இழையைத் தொட்டு இணைப்பைத் திறக்க முடிந்தது. 1997இல் ஜெரால்ட் டர்னர் இன்னொரு படி போனார். வளர்ப்புத் தட்டில் இருந்த குடல் செல்கள் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சும்போதே மயோசின் முடுக்கப்பட்டு இணைப்பு சற்றே நெகிழ்கிறது என்று கண்டார். அப்படியானால் நெகிழ்வது நோய் அல்ல, செல்லின் அன்றாட வேலையில் அதுவும் ஒன்று. எவ்வளவு நெகிழ்கிறது, நெகிழ்ந்தது திரும்ப இறுகுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கிளியாடினுக்கும் இந்த இழைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் வளர்ப்புத் தட்டிலிருந்த குடல் செல்களின்மீது கிளியாடினை இட்டபோது சிறிது நேரத்திலேயே ஆக்டின் இழைகள் இடம் மாறின. அந்தத் தட்டில் எதிர்ப்பு செல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மரபியல் பக்கமிருந்தும் ஒரு கை நீண்டது. 2005இல் நெதர்லாந்துக் குழு ஒன்று, சீலியாக் நோயாளிகளிடம் மயோசின்-9பி மரபணுவின் ஒரு வடிவம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. ஆக்டின் இழைகளைச் சீரமைக்கும் சமிக்ஞைகளில் பங்குள்ள மயோசின் அது. பிற நாடுகளில் தேடியபோது சில இடங்களில் இந்தத் தொடர்பு உறுதிப்பட்டது, சில இடங்களில் உறுதிப்படவில்லை. ஆகவே இதை அடித்தளமாக வைத்து நான் எதையும் கட்டவில்லை. துணைச் சான்று என்ற அளவில் போதும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவதும் வலுவானதும் இது: அழற்சிதான் இணைப்பைத் தளர்த்துகிறது, தளர்ந்த இணைப்பு அழற்சியைக் கொண்டுவருவதில்லை. இதற்கு ஆதாரம் ஏராளம். டிஎன்எஃப், இன்டர்ஃபெரான்-காமா போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் மயோசினை முடுக்கும் கைனேஸ் நொதியைத் தூண்டி இணைப்பைத் திறக்கின்றன. அந்தக் கைனேஸை முடக்கிய எலிகளில், எதிர்ப்பு செல்களைத் தூண்டினாலும் வயிற்றுப்போக்கு வரவில்லை. கோதுமையை நிறுத்திய நோயாளிகளிடம் கசிவு குறைவதும் இந்தத் திசையையே காட்டுகிறது. நோய் முற்றியவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வாதத்தை வெல்ல வழியே இல்லை, ஏனென்றால் அங்கே காரணமும் விளைவும் ஒன்றாகவே கிடக்கின்றன. டெல்லி குழு நோயாளியை விட்டுவிட்டு உறவினரிடம் போனது அதனால்தான் முக்கியம். எதிர்ப்பொருள் இல்லாத, அறிகுறி இல்லாத குடலில் தளர்ச்சி தெரிந்தால், அதற்கு முழு அழற்சியைக் காரணம் காட்ட முடியாது. கண்ணுக்குத் தப்பிய மெல்லிய அழற்சி இருந்திருக்கலாமே என்று இன்னும் ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் கடுமையான அழற்சிதான் இணைப்பைக் குலைக்கும் என்ற எளிய வரிசை அப்போதே கைவிடப்பட்டுவிடுகிறது. 1993இலேயே நெதர்லாந்தில் நோயாளிகளின் உறவினர் சிலரிடம் குடல் கசிவை அளக்கும் சர்க்கரைச் சோதனை நடத்தியவர்களும், குடலுறிஞ்சிகள் தேயாத நிலையில் கசிவு கூடியிருப்பதைக் கண்டார்கள்.

அந்தச் சோதனையிலிருந்தே இரண்டாவது எதிர்வாதம் பிறக்கிறது. சோதனை எளிமையானது. வெறும் வயிற்றில் லாக்டுலோஸ், மேனிட்டால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, ஐந்து மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்கிறார்கள். மேனிட்டால் சிறியது, நலமான குடலிலும் நுழைந்துவிடும். லாக்டுலோஸ் பெரியது, செல்களுக்கு நடுவே சந்து நெகிழ்ந்திருந்தால்தான் நுழையும். சிறுநீரில் இரண்டின் விகிதம் கசிவைச் சொல்லும். ஆனால் நம் நாட்டைப் போன்ற வெப்ப மண்டல நாடுகளில், சுகாதாரம் குறைந்த சூழலில் வாழ்வோரிடம் எந்த நோயும் இல்லாமலே இந்த விகிதம் கூடியிருக்கும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மத்தானும் தென்னிந்தியக் குடலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஐரோப்பாவில் ‘இயல்பு’ என்று வரைந்த படம் இங்கே இயல்பாக இருக்கத் தேவையில்லை என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தினார்கள். அப்படியிருக்க டெல்லியில் கண்ட தளர்ச்சி, தண்ணீரும் கிருமியும் தந்ததாக ஏன் இருக்கக் கூடாது? இருக்கலாம், ஆனால் ஒப்பிடப்பட்டவர்களும் அதே மருத்துவமனைக்கு வந்தவர்கள்தாம். அதே ஊர்ச் சூழல் இரு தரப்புக்கும் பொது. அதற்கும் மேலே உறவினர்களிடம் எஞ்சி நின்ற வேறுபாட்டைச் சூழலின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஒரே வீட்டுச் சமையல், ஒரே வீட்டு நீர் என்ற வாதம் மட்டும் முழுதாக அடைபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது எதிர்வாதம் மருந்துக் கடையிலிருந்து வருகிறது, அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அலெசியோ ஃபசானோ 1991இல் காலரா கிருமியிடமிருந்து இறுக்க இணைப்பைத் திறக்கும் ஒரு நச்சைக் கண்டறிந்தார். அதைத் தொடர்ந்து, நம் உடலே அதுபோல ஒன்றைச் சுரக்கிறது என்று 2000இல் அறிவித்து அதற்கு ஜோனுலின் என்று பெயரிட்டார். அதன் வேலையைத் தடுக்க எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட லாராஸோடைட் என்ற மருந்து உருவானது. இடைநிலைச் சோதனையில் குறைந்த அளவு மருந்து நோயாளிகளின் தொந்தரவுகளைக் குறைத்தது, ஆனால் அளவைக் கூட்டியபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூன்றாம் கட்டச் சோதனை 2022இல் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. ஜோனுலினை அளப்பதாகச் சொல்லி விற்கப்படும் சோதனைப் பெட்டிகள் உண்மையில் அதை அளக்கவே இல்லை என்பதையும் ஆய்வுகள் காட்டிவிட்டன. மறுபுறம், டிரான்ஸ்குளூட்டமினேஸைத் தடுக்கும் ஒரு மருந்து 2021இல் வெளியான சோதனையில் குடலுறிஞ்சிகளைக் காத்தது. கிளியாடின் துண்டு செல்களுக்கு நடுவே அல்லாமல், ஐஜிஏ எதிர்ப்பொருளோடு ஒட்டிக்கொண்டு செல்லுக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் போவதையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு இணைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

வேண்டும் என்பதே என் பதில். லாராஸோடைட் கொடுக்கப்பட்டது நோய் வேரூன்றிய, ஏற்கெனவே குளூட்டனைத் தவிர்த்துவந்த நோயாளிகளுக்கு. அவர்களிடம் நினைவாற்றல் கொண்ட எதிர்ப்பு செல்கள் குடலில் குடியேறி ஆண்டுகள் ஆகியிருக்கும், மிகச் சிறிய அளவு கிளியாடின் நுழைந்தாலும் அவற்றுக்குப் போதும். தளர்ச்சி நோயைத் தொடங்கிவைப்பதில் பங்குகொள்கிறது என்பதே வாதமாக இருக்கும்போது, தொடங்கி முடிந்தவர்களிடம் மருந்து தோற்றது வாதத்தை வீழ்த்தாது. ஐஜிஏ வழியும் அப்படியே. அந்த எதிர்ப்பொருள் உருவாகியிருக்க வேண்டும் என்றாலே முதல் கிளியாடின் வேறு வழியில் நுழைந்திருக்க வேண்டும். தோற்றது ஒற்றைச் சமிக்ஞையை மட்டும் குறிவைத்த அணுகுமுறை. இணைப்பை ஆள்வது ஒரு சாவி அல்ல, செல்லுக்குள் இழுபடும் இழைகளின் மொத்த விசை. அந்த விசையைக் கூட்டவும் குறைக்கவும் பல சமிக்ஞைகள் உண்டு. ஜோனுலின் மீதான சந்தேகத்தை இணைப்பின் மீதான சந்தேகமாக்குவது பிழை. ‘குடல் கசிவு’ என்று பெயர் சூட்டி, எல்லா நோய்க்கும் அதுவே காரணம் என்று மாவும் மாத்திரையும் விற்பவர்களால் நேர்ந்த கேடு இது. அவர்களுக்கு அஞ்சி உண்மையான கேள்வியை விட்டுவிடுவதும் நல்ல அறிவியல் ஆகாது.

தளர்ச்சி மட்டும் போதுமா என்றால் போதாது. மயோசினை முடுக்கும் கைனேஸ் எப்போதும் விழித்திருக்கும்படி மாற்றப்பட்ட எலிகளை டர்னரின் குழு 2009இல் உருவாக்கியது. அவற்றின் குடல் பிறந்ததிலிருந்தே கசிந்தது, எதிர்ப்பு மண்டலமும் சற்றே உஷார்நிலையில் இருந்தது, ஆனால் எலிகள் நன்றாகவே வளர்ந்தன. குடல் அழற்சியை வெளியிலிருந்து மூட்டியபோதுதான் வேறுபாடு தெரிந்தது. சாதாரண எலிகளைவிட இவற்றுக்கு நோய் விரைந்து வந்தது, கடுமையாகவும் இருந்தது. மனிதரிடமும் இதே கணக்குதான். மகாரியாவும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, நோயாளிகளின் நெருங்கிய உறவினரில் 7.5 சதவீதம் பேருக்கு சீலியாக் நோய் இருந்தது. பொதுமக்களைவிட இது பல மடங்கு, ஆனால் பத்தில் ஒருவர்கூட இல்லை. கோதுமை, மரபணு, தளர்ந்த விளிம்பு ஆகிய மூன்றும் கூடினால் வாய்ப்பு ஏறுகிறது, விதி எழுதப்படுவதில்லை.

இந்த வாதத்தில் மிச்சமிருக்கும் ஓட்டையை அடைக்கக்கூடியது காலம் மட்டுமே. ஒரே நாளில் எடுத்த திசுத் துணுக்கால் முன்னது எது, பின்னது எது என்று முழு உறுதியாகச் சொல்ல முடியாது. க்ரோன் நோய் என்ற வேறொரு குடல் நோயில் அந்த வேலை நடந்துவிட்டது. கனடாவை மையமாகக் கொண்ட ஆய்வில் நோயாளிகளின் நலமான உறவினர் 1,420 பேருக்குச் சர்க்கரைச் சோதனை செய்து, பின்பு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். 50 பேருக்கு நோய் வந்தது. தொடக்கத்தில் கசிவு கூடியிருந்தவர்களிடம் அது வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று 2020இல் அறிவித்தார்கள். சீலியாக் நோய்க்கு இதே வேலையைச் செய்யக் கோதுமை உண்ணும் பெரும் மக்கள்தொகையும், பெரிய குடும்பங்களும், எலெக்ட்ரான் நுண்ணோக்கி கைப்பழக்கமும் ஒரே ஊரில் கூடியிருப்பது டெல்லியில்தான். 2016இல் பார்த்த குடும்பங்களைப் போன்றவர்களை இருபது ஆண்டுகள் பின்தொடரும் நிதியை நம் நாட்டு அறிவியல் துறைகள் ஒதுக்க வேண்டும். மூன்றாண்டு நிதியில் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது.

ஆய்வு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. வேலைக்காக வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சப்பாத்தி அன்றாட உணவாகிவிட்டது, இங்கேயும் பரோட்டாவும் ரவையும் சேமியாவும் தட்டில் கூடிவருகின்றன, கட்டிப் பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கிறது. தெற்கில் அந்த மரபணு மூன்றில் ஒருவரிடம் இருப்பதை மறக்க வேண்டாம். குடும்பத்தில் ஒருவருக்கு சீலியாக் நோய் உறுதியானால் பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளுக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். பரிசோதனைக்கு முன்பே பயந்துபோய்க் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரும்.